பன்னிரண்டரை மணிக்கு எழுதிய பதினைந்து

"பிரதர், பின்மண்டையில கட்டையால ஒரு போடு போட்டா ஆளு எவ்வளவு நேரம் மயக்கமா இருப்பான்?"

கேட்டவர் தொடர்கதை எழுதுகிறவர். பெங்களூரு அடுகோடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏழெட்டுப் பேர் ஒரு டியூஷன் சென்டரில் கூடி, தாங்கள் எழுதியதை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவார்கள். நான் கதை எழுதுகிறவன் இல்லை. பக்கத்து வீட்டு நண்பர் என்னை அழைத்துப்போய், "இவரு ஒன்பது வருஷம் தலைக்காய வார்டுல நர்ஸா இருந்தவரு, கேக்க வேண்டியத கேட்டுக்கங்க" என்று உட்கார வைத்துவிட்டார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் ஆண் நர்ஸை 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையை விட்டு ஒரு வருடமாகியும் அந்தப் பெயர் என்னை விடவில்லை.

"உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்?" என்று கேட்டேன்.

"நாலு மணி நேரம் பிரதர். ஹீரோவ சிவாஜிநகர்ல அடிச்சு பீன்யா குடோனுக்குக் கொண்டுபோகணும். டிராஃபிக்க யோசிச்சுப் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். தலையில் அடிபட்டு நினைவு தப்பியவன் பெரும்பாலும் சில விநாடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் கண் விழிப்பான். விழித்தாலும் குழம்பியிருப்பான், வாந்தி எடுப்பான், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பான். நான்கு மணி நேரம் நினைவில்லாமல் கிடந்தவன் கயிற்றை அறுத்துக்கொண்டு எழுந்து பத்துப் பேரை அடிக்கமாட்டான். அவனுக்கு மூச்சுக்குழாய் போட வேண்டியிருக்கும். இரண்டாவது முறை அடித்தால் பழைய ஞாபகம் திரும்பிவிடும் என்பது சினிமாவில் மட்டும். நிஜத்தில் இரண்டாவது அடி ஆளைக் கொல்லும்.

அவர்கள் குறித்துக்கொண்டார்கள். மூலையில் இருந்த ஒரு பெண் மட்டும் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். "நீங்க பார்த்ததுலயே பயமான சீன் எது பிரதர்?"

"நல்லா பேசிக்கிட்டு இருக்கறவன்தான்" என்றேன். அதற்கு மேல் அன்றைக்கு என்னால் பேச முடியவில்லை. அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் அந்த வேலையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவன்தான், திரும்பிப் போகப்போவதில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். அப்பா பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவர், எப்போதும் நைட் ஷிஃப்ட். நாங்கள் சிவாஜிநகரில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். காலை ஒன்பது மணிக்கு அப்பா வந்து படுத்தால் வீடே வாயை மூடிக்கொள்ளும். விசில் அடிக்கும் என்று குக்கர் வைக்கமாட்டோம். பாத்திரத்தை அம்மா வெளியில் கொண்டுபோய்த்தான் கழுவுவாள். நான் உதட்டை மட்டும் அசைத்து, சத்தம் வராமல் பாடம் மனப்பாடம் செய்தவன். நைட் ஷிஃப்ட் முடித்துவந்து தூங்குகிறவரை எழுப்புவது எங்கள் வீட்டில் கை நீட்டி அடிப்பதைவிடப் பெரிய தப்பு. நர்ஸிங் டிப்ளமா மூன்று வருடம் எப்படியோ ஓடியது. இங்கிலீஷ் புத்தகங்களையும் அதே மாதிரி உதடு அசைத்துத்தான் படித்தேன்.

வேலைக்குச் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். தலைக்காய வார்டில் பன்னிரண்டு கட்டில். அங்கே எங்கள் உயிர் ஒரு தாளில் இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் அட்டையில் மாட்டித் தொங்கும் தாள். அடிபட்டு வந்தவர் நன்றாக இருந்தாலும் முதல் சில மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை பார்த்து அதில் எழுத வேண்டும். கண்ணுக்கு நான்கு மார்க், பேச்சுக்கு ஐந்து, கை கால் அசைவுக்கு ஆறு. தானாகக் கண் திறந்திருந்தால் நான்கு. கூப்பிட்ட பிறகு திறந்தால் மூன்று. வலி கொடுத்தால்தான் திறக்கிறார் என்றால் இரண்டு. எதற்கும் திறக்காவிட்டால் ஒன்று. முழுசாக நன்றாக இருப்பவருக்கு மொத்தம் பதினைந்து. அப்புறம் டார்ச் அடித்து இரண்டு கண்ணின் பாப்பாவும் ஒரே அளவில் சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம். பார்த்த நேரம், கையெழுத்து.

வார்டு இன்சார்ஜ் கிரிஜா சிஸ்டர், ஹாசன் பக்கத்துக்காரர். கன்னடம் கலந்த தமிழ் பேசுவார், குரலை உயர்த்தவே மாட்டார். ரவுண்ட்ஸ் வரும்போது முதலில் தாளைப் பார்ப்பார், பிறகு நோயாளியை, கடைசியில் நம்மை. தாளில் ஏதாவது இடித்தால் பேனா மூடியால் அந்தக் கட்டத்தை இரண்டு தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு நாங்கள் பயந்த மாதிரி எந்த டாக்டர் போட்ட சத்தத்துக்கும் பயந்ததில்லை. சேர்ந்த புதிதில் ஒருமுறை, "இவருக்குப் பதினாலு குடுத்திருக்கேன் சிஸ்டர்" என்றேன். "நம்பர் நீ கொடுக்கறதில்லப்பா. அவன் கொடுக்கறான். நீ எழுதறே, அஷ்டே, அவ்வளவுதான்" என்றார்.

சேகர் வந்தது என்னுடைய நான்காவது வருடத்தில், ஒரு காலை ஷிஃப்டில். நாற்பது வயது இருக்கும். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து பீன்யாவில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போயிருக்கிறார். வண்டி சறுக்கி, வலது பக்க நெற்றிப்பொட்டு சாலைத் தடுப்பில் மோதியது. இரண்டு நிமிடம் நினைவில்லை என்று பைக் ஓட்டியவர் சொன்னார். ஆனால் வார்டுக்குத் தள்ளுநாற்காலியில் வந்தவர் எங்களைவிடத் தெளிவாக இருந்தார். கூட மனைவி ரேவதி. கார்மென்ட்ஸில் வேலை செய்கிறவர், கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட இல்லாமல் ஓடி வந்திருந்தார்.

ஸ்கேனில் பொட்டு எலும்பில் முடி மாதிரி ஒரு விரிசல். உள்ளே ரத்தம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. "அரை மணிக்கு ஒரு தடவ பாருங்க. ஒரு பாயின்ட் குறைஞ்சாலும் எனக்கு போன் பண்ணுங்க" என்று மூளை அறுவை டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

பதினொன்றரை மணிக்கு நான் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் இன்னும் என் காதில் இருக்கின்றன.

"இது எந்த ஊரு சேகர்?"

"ஏன் பிரதர், வழி தவறி வந்துட்டீங்களா? பெங்களூரு."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன். நாளைக்கு வாரலீவு. கரெக்டா லீவுக்கு மொத நாள் பார்த்து உழுந்தேன் பாருங்க, என் நேரம்."

"வந்ததும் வராததுமா லீவு பேச்சு" என்றார் ரேவதி.

"நீ சும்மா இரு. பிரதர், ஒரு டீ மட்டும் குடுங்க, எழுந்து நடந்தே போயிடறேன்."

தாளில் பதினைந்து எழுதினேன். உண்மையான பதினைந்து.

பன்னிரண்டு மணிக்குப் போனபோது அவர் கண்ணை மூடியிருந்தார். லேசான குறட்டை. ரேவதி உதட்டில் விரல் வைத்து என்னை நிறுத்தினார்.

"இப்பதான் பிரதர் கண் அசந்தாரு. நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வந்தா இந்த நேரம்தான் தூங்குவாரு. எழுப்பினா அப்புறம் நாள் பூரா தலைவலின்னு கத்துவாரு. கொஞ்சம் தூங்கட்டுமே."

நான் கட்டிலருகே நின்றேன். மார்பு ஏறி இறங்கியது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்பா படுத்திருக்கிற மாதிரியே இருந்தது. எழுப்பக் கை நீட்டினேன் என்றுகூட என்னால் சொல்ல முடியாது, நீட்டவில்லை. கால் விரல்களை ஊன்றி, சத்தம் வராமல் திரும்பி வந்தேன். தாளில் மேலே இருந்த வரிசையைப் பார்த்து அப்படியே எழுதினேன். கண் நான்கு, பேச்சு ஐந்து, அசைவு ஆறு. பன்னிரண்டரைக்கும் அதையே எழுதினேன்.

கதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கண் நான்கு என்றால் கண் தானாகத் திறந்திருக்கிறது என்று அர்த்தம். தூங்குகிற மனிதருக்கு நான் நான்கு எழுதியிருந்தேன். பொய் எழுதுகிறோம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிரிஜா சிஸ்டர் ரவுண்ட்ஸ் வந்தார். தாளைப் பார்த்தார். சேகரைப் பார்த்தார். குறட்டை இப்போது வேறு மாதிரி இருந்தது. ஆழத்தில் ஏதோ இழுபடுகிற மாதிரி, நடுவில் நின்று நின்று.

"தூங்கறாரா?"

"ஆமா சிஸ்டர். நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வந்தவரு."

பேனா மூடி பன்னிரண்டரை மணிக் கட்டத்தில் இரண்டு தடவை தட்டியது. சிஸ்டர் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து, "சேகர்! ஏன்ரீ சேகர்!" என்றார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் சதையைப் பிடித்து அழுத்தித் திருகினார். சேகர் முனகினார். வார்த்தை இல்லை. வலது கை மேலே வந்து சிஸ்டரின் கையைத் தள்ளப் பார்த்தது. இடது கை படுக்கையிலேயே கிடந்தது. கண் திறக்கவில்லை.

"டார்ச்."

இமையை விலக்கினார். இடது பாப்பா சுருங்கியது. வலது பாப்பா பெரிதாக, கறுப்பாக, வெளிச்சத்தைக் கண்டுகொள்ளாமல் அப்படியே நின்றது. அப்படி ஒரு கண்ணைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். சற்று முன் என்னிடம் டீ கேட்ட மனிதரிடம் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. நாடி ஐம்பதுக்குக் கீழே போயிருந்தது. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கட்டி மூளையை நசுக்கும்போது உடம்பு கடைசியாகக் காட்டும் அடையாளங்கள் இவை.

நான் ஓடத் திரும்பினேன். "ஓட பேடா" என்றார் சிஸ்டர் அதே குரலில். "நீ ஓடினா அந்தம்மா விழுந்துடுவா. வேகமா நட."

ரேவதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னாச்சு பிரதர்? தூங்கறாருதானே?"

டாக்டருக்குப் போன் போட்டுச் சிஸ்டர் ஸ்பீக்கரில் வைத்தார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப முழுசா நல்லா இருந்தார்?" எத்தனை நேரமாக மூளை நசுங்குகிறது என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

"பன்னெண்டரை சார்" என்றேன். என் வாய்தான் சொன்னது. தாளில் அப்படித்தானே இருந்தது.

சிஸ்டர் போனை உள்ளங்கையால் மூடினார். என்னைப் பார்த்தார். "பன்னெண்டரைக்கு அவன் கண்ணைத் தொறந்தானா?"

ஐந்து விநாடி இருக்கும். என் வேலை, அம்மாவிடம் சொல்ல வேண்டிய பதில், என் பெயரோடு சேர்ந்து தெருவில் எல்லோரும் சொல்லும் 'நர்ஸ்' என்கிற வார்த்தை, எல்லாம் அந்த ஐந்து விநாடியில் வந்து போனது. சேகருடைய உயிர்தான் கடைசியாக ஞாபகத்துக்கு வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நடந்தது.

"இல்ல சிஸ்டர். பன்னெண்டுக்கும் எழுப்பல."

அவர் கையை எடுத்தார். "லெவன் தர்ட்டி, டாக்டர்."

மறுமுனையில் டாக்டர், "வீக்கம் குறைய மானிட்டால் ஏத்துங்க. ஸ்கேனுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் ஒண்ணா சொல்லிடுங்க. நான் கீழதான் இருக்கேன்" என்றார். இரண்டாவது ஸ்கேனில், காலையில் ஒன்றுமே இல்லாத இடத்தில், எலும்பை ஒட்டிப் பூதக்கண்ணாடி வில்லை மாதிரி வெள்ளையாக ரத்தம் உட்கார்ந்திருந்தது. பாதி முடி மழித்த தலையோடு அவரைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வார்டுக்குத் திரும்பியதும் சிஸ்டர் அந்தத் தாளை என் முன்னால் வைத்தார். கிழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொல்வாரோ என்று ஒரு ஆசை. அழிக்கச் சொல்வாரோ என்று.

"ஒரே கோடு" என்றார். "தப்பு மேல ஒரே ஒரு கோடு. கீழ என்ன எழுதியிருக்குன்னு எல்லாருக்கும் தெரியணும். பக்கத்துல நிஜத்தை எழுது. இப்ப என்ன டைமோ அதைப் போடு. சைன் பண்ணு."

இரண்டு பதினைந்துகளையும் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் 'எழுப்பிப் பார்க்கவில்லை' என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் ஷிஃப்ட் முடிந்திருந்தது. நான் வீட்டுக்குப் போகவில்லை. தியேட்டர் வாசலில் ரேவதி உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன். என்ன நடந்தது என்று அவர் கேட்டுவிடுவாரோ என்கிற பயத்தில் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கேட்கவில்லை. அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

சேகர் பிழைத்தார். டாக்டர் வெளியே வந்து குடும்பத்தாரிடம், "ரத்தக்கசிவு திடீர்னு அதிகமாயிடுச்சு, நல்லவேளை பார்த்துட்டோம்" என்றார். அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. உள்ளுக்குள் விசாரணை நடந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். தாளில் நானே திருத்திக் கையெழுத்துப் போட்டிருந்ததால் வேலை தப்பியது என்று பிறகு தெரிந்தது.

கதைகளில் ஆள் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் எல்லாம் முடிந்துவிடுகிறது. தலையில் ஒரு வெள்ளைக் கட்டு, அடுத்த காட்சியில் அதுவும் இருக்காது. நிஜத்தில் மீதி வாழ்க்கை அங்கேதான் ஆரம்பிக்கிறது. சேகருக்கு இடது கையில் பிடி முழுதாகத் திரும்பவில்லை. பிரஸ் மெஷினில் திரும்ப நிற்க வைக்கமாட்டோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வாசனை தெரியவில்லை, குழம்பு அடிப்பிடித்தால்கூட அவருக்குத் தெரியாது. சின்ன விஷயத்துக்குத் தட்டைத் தூக்கி எறிவார், பிறகு அழுவார். சொன்ன வார்த்தையை அரை மணியில் மறப்பார். அந்த வியாழக்கிழமை அவர் ஞாபகத்தில் இல்லவே இல்லை. என்னிடம் அடித்த ஜோக்கும் இல்லை. நான் சொன்னபோது, "நானா? அவ்வளவு பேசினேனா?" என்று யாரோ அந்நியரைப் பற்றிக் கேட்பது மாதிரி கேட்டார்.

இதெல்லாம் புற நோயாளிப் பிரிவுக்கு அவர்கள் வந்தபோது நான் பார்த்தது. நான்காவது முறை வந்தபோது ரேவதி பாதியாக இளைத்திருந்தார். சேகரை டாக்டர் உள்ளே கூப்பிட்டதும் நான் பேச்சுக்குக் கேட்டேன். "தூங்கறாரா நல்லா?"

"நான் விட்டாத்தானே பிரதர்." சிரிக்கப் பார்த்தார். "அரை மணிக்கு ஒருதரம் எழுப்பிடுவேன். என் பேரு என்னன்னு கேப்பேன். அவரு திட்டுவாரு. திட்டினாத்தான் எனக்கு மூச்சு வரும்."

"இப்ப அதெல்லாம் தேவையில்லம்மா. எத்தனையோ மாசம் ஆச்சு."

"எங்க மாமியார் கிட்ட வந்து சொல்லுங்க. 'தூங்கட்டும் தூங்கட்டும்னு சொல்லி எம் புள்ளைய இந்தக் கதிக்கு ஆக்கிட்டா'ன்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுது. பொய்யில்லையே பிரதர். நான்தானே சொன்னேன். உங்க கிட்டத்தானே சொன்னேன்."

வார்டிலும், தியேட்டர் வாசலிலும், விசாரணையிலும் நான் பட்ட பயத்தையெல்லாம் கூட்டினாலும் அந்த நிமிடத்துக்கு ஈடாகாது. கோடு போட்டு அடித்த தாள் ஆஸ்பத்திரியின் பதிவறையில் பத்திரமாக இருந்தது. கோட்டுக்குக் கீழே இருப்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று சிஸ்டர் சொன்ன அந்த 'எல்லாரிலும்' இவர் இல்லை. நான் செய்த தப்பை இவர் தன் வீட்டில் தினமும் சுமந்துகொண்டிருந்தார்.

"உங்க வீடு எங்க?" என்று கேட்டேன்.

அடுத்த வாரலீவில் போனேன். பீன்யாவுக்குப் பின்னால், ஷீட் போட்ட வரிசை வீடுகளில் ஒன்று. சொந்தக்காரர்கள் அடித்தால் வாங்கிக்கொள்வது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே சேகர், அவருடைய அம்மா, அண்ணன். ரேவதி சுவரோரமாக நின்றார். டீ கொண்டுவரப் போனவரை, "வேண்டாம்மா, முதல்ல இதைச் சொல்லிடறேன்" என்று நிறுத்தினேன்.

சொன்னேன். அரை மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பார்ப்பது என் வேலை. அந்தம்மா தூங்கட்டும் என்று சொன்னது எல்லா மனைவியும் சொல்வதுதான். அதற்கு 'இல்லம்மா, எழுப்பித்தான் ஆகணும்' என்று சொல்வதற்காகத்தான் ஆஸ்பத்திரி என்னை வைத்திருந்தது. நான் இரண்டு தடவை எழுப்பவில்லை. எழுப்பியதாக எழுதினேன். தப்பு என்னுடையது, ரேவதியுடையது இல்லை.

அண்ணன் எழுந்து நின்றார். முஷ்டி மூடியிருந்தது. சேகரின் அம்மா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். என்னைப் பார்த்தபடியே, "அப்ப ஏம்ப்பா இத்தினி நாளா சொல்லல?" என்றார்.

"பயம்மா."

"இப்ப?"

"இப்பவும்தாம்மா."

சேகர் எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாரைப் பத்தி பேசறீங்க?" என்றார். ரேவதி சுவரிலிருந்து விலகிப் பின்கட்டுக் கதவைத் திறந்தார். அங்கே அண்ணனின் மனைவி துணி அலசிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அதை வச்சிட்டு உள்ள வாங்க. பக்கத்து வீட்டம்மாவையும் கூப்பிடுங்க" என்றார் ரேவதி. பிறகு என் பக்கம் திரும்பினார். அழுகை இல்லை, கோபமும் இல்லை. முதுகு மட்டும் நிமிர்ந்திருந்தது.

"மறுபடியும் மொதல்ல இருந்து சொல்லுங்க பிரதர். இவங்க கேக்கல."

ஈரக்கையைத் துடைத்தபடி இரண்டு பெண்களும் வந்து உட்காரும்வரை காத்திருந்தேன். பிறகு மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.